முன்னாள் கணவர் என் பெயரில் ஓட்டிய போலி பில்: புகார் கொடுப்பதா, விட்டுவிடுவதா?

நூல்கண்டு:

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல் தடவையாக எழுதுகிறேன். ஈரோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி, இப்போது கோவையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒரு மகள், ஏழாவது படிக்கிறாள்.

அவருக்கு நூல், துணி வியாபாரம். வீட்டில் எப்போதும் ரெண்டு நோட்டு இருக்கும். ஒன்று ஆடிட்டருக்குப் போகும், இன்னொன்று பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கும். 2019இல் என் பெயரில் ஒரு டிரேடர்ஸ் ஆரம்பித்தார். கேட்டதற்கு, "வீட்டு ஆளுக பேர்ல ஒண்ணு இருந்தா நல்லதுதான், போடு" என்றார். பான் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் கொடுத்தேன். மாதாமாதம் ஓ.டி.பி. வரும், அடுப்படியில் இருந்தே வாசித்துச் சொல்வேன். செக் புத்தகத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். அப்புறம் என் போன் நம்பரையும் எடுத்துவிட்டு வேறு நம்பர் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஓ.டி.பி. வருவது நின்றுபோனது.

அந்தக் கம்பெனிக்கு குடோன் கிடையாது, ஆள் கிடையாது. சரக்கு நகராது, பில் மட்டும் நகரும். பில் வேண்டுகிறவர் பேங்கில் பணம் போடுவார், இவர் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ரெண்டாவது நோட்டில் அந்தக் கமிஷன் கணக்கு தேதி வாரியாக இருக்கிறது. வீட்டை விட்டு வருவதற்கு முன் சில பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்தேன்.

இப்போது வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது, வரிக் கணக்கு போடும் பையன் என் வருமான வரித் தளத்தைத் திறந்து ஏ.ஐ.எஸ். என்று, என் பானில் பதிவான பணப் பரிவர்த்தனைகளின் வருடாந்திரத் தொகுப்பு ஒன்றைக் காட்டினான். 2020-21இல் என் பான் நம்பரில் ஜி.எஸ்.டி. விற்றுமுதல் 1 கோடியே 84 லட்சம். அந்த வருடம் கொரோனாவால் பள்ளியில் பாதிச் சம்பளம்தான் எனக்கு!

இன்னொன்றும் உண்டு. இடைக்கால ஜீவனாம்ச மனுவில் தன் வருமானம் மாதம் 25 ஆயிரம் என்று பிரமாணப் பத்திரம் போட்டார். அதே சமயத்தில் பெருந்துறை ரோட்டில் அவர் அம்மா பெயரில் இடம் வாங்கினார்கள். மாமியாருக்கு வருமானம் என்று ஒன்றும் கிடையாது.

அம்மா "போட்டுக் கொடுத்த பாவம் நமக்கு எதுக்கு" என்கிறார். தம்பி "மொட்டைப் பெட்டிஷன் ஒன்று தட்டிவிடு" என்கிறான். மகளுக்கு மாதம் 12 ஆயிரம் அவரிடமிருந்து வருகிறது, அது நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

காங்கேயத்தான்:

தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்துப் போட்டுப் பிரிந்து வந்தாச்சு. இந்தப் பக்கம் ரெண்டு நோட்டு இல்லாத கடை எது, சொல்லுங்க? அவரை உள்ளே தள்ளிவிட்டால் குழந்தைக்குப் பீஸ் யார் கட்டுவது? நாளைக்கு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று வரும்போது "அப்பனைப் பிடித்துக் கொடுத்தவள் மகள்" என்று ஊர் பேசும். விட்டுவிடுங்க.

வைகைக்கரை:

ஊர் பேசுமாம். ஏன் அண்ணா, பொண்டாட்டி பெயரில் திருட்டு பில் போட்டபோது ஊர் என்ன பேசியது? இவர் 12 ஆயிரம் தருகிறாரே என்று கையெடுத்துக் கும்பிட வேண்டுமா? 25 ஆயிரம் வருமானம் என்று பொய் சொன்னதால் கிடைத்த 12 ஆயிரம் அது. உண்மையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?

நூல்கண்டு, வருமான வரித் தளத்திலேயே வரி ஏய்ப்பு, பினாமி சொத்து பற்றிப் புகார் கொடுக்க 2021 ஜனவரியிலிருந்து வசதி இருக்கிறது. ஓ.டி.பி. போட்டு உள்ளே போகலாம். பெயரை வெளியே விடமாட்டார்கள். பரிசுத் தொகைகூட உண்டு என்று படித்தேன். தாராளமாகக் கொடுங்கள்.

பேரேடு:

முப்பது வருடத்துக்கு மேல் விற்பனை வரி, வாட், ஜி.எஸ்.டி. என்று இதே வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். மேலே இருவர் சொன்னதிலும் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது.

அம்மா, அந்த டிரேடர்ஸின் பதிவில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. தனி உரிமையாளர் நிறுவனத்தில் கம்பெனி வேறு, நீங்கள் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. இன்றைய தேதியில் நீங்கள் கொடுக்கும் புகார் எந்த அதிகாரியின் மேஜைக்குப் போனாலும், அவர் முதலில் எழுதப்போகும் பெயர் உங்களுடையது. மொட்டைப் பெட்டிஷன் போட்டாலும் அப்படித்தான், போட்டவரே மாட்டுகிற ஒரே மொட்டைப் பெட்டிஷனாக அது இருக்கும்! ஆகவே அவரை என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தில், லாகின் இல்லாமலேயே, பான் நம்பரை வைத்துத் தேடும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பான் போட்டால் எத்தனை பதிவு இருக்கிறது, எந்த மாநிலத்தில், நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பது வந்துவிடும். ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு வந்து, இரண்டைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. சிபில் அறிக்கையும் எடுங்கள், உங்கள் பெயரில் கடன் ஏதும் ஓடுகிறதா என்று தெரியும்.

அடுத்தது லாகின். பதிவில் இருக்கும் மொபைலும் மின்னஞ்சலும் அவருடையதோ அவர் ஆடிட்டருடையதோதான் இருக்கும். கவலை வேண்டாம். உங்கள் பதிவு சேர்ந்த ஜி.எஸ்.டி. சரக அலுவலகத்துக்கு ஆதார், பான், போட்டோ ஆதாரத்துடன் உரிமையாளரே நேரில் போனால், அதிகாரி சரிபார்த்து மொபைல், மின்னஞ்சலை மாற்றித் தருவார். இந்த மாதிரி இடைத்தரகர்கள் தங்கள் நம்பரைக் கொடுத்துப் பிடித்துவைத்துக்கொள்ளும் தொல்லைக்காகவே அந்த நடைமுறை வந்தது. உள்ளே போனதும் நோட்டீஸ் பகுதியில் ‘அடிஷனல் நோட்டீஸ்’ என்று ஒரு மூலை இருக்கும். அதை மறக்காமல் திறங்கள். பலருக்கு அந்த மூலையில் நோட்டீஸ் வந்து, பதில் போகாமல், ஒருதலைப்பட்சமாக உத்தரவும் போட்டு, பேங்க் கணக்கை முடக்கும்போதுதான் விஷயமே தெரிகிறது. உங்கள் சம்பளக் கணக்கு அதே பானில்தானே இருக்கிறது?

பதிவு ரத்தாகிவிட்டது என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ரத்துக்கு முந்தைய காலத்துப் பொறுப்பு அப்படியே இருக்கும். மோசடி என்றால் வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 5 வருடத்துக்குள் உத்தரவு போடலாம். 2020-21க்கு அந்தக் கெடு 2022 பிப்ரவரி 28. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. போலி பில் யார் சொல்லி நடந்ததோ, பலன் யார் கையில் தங்கியதோ, அவருக்கும் அதே அபராதம் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு உட்பிரிவு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரளவு உரிமையாளர்களுக்குப் பின்னால் ஒளிந்தவர்களைப் பிடிக்கத்தான் அது. ஆனால் அது உங்களைத் தானாக விடுவிக்காது. அவரையும் இழுக்கும், அவ்வளவுதான். அதற்குச் சான்று வேண்டும். நோட்டுப் படங்களைவிட நல்ல சான்று பேங்க் ஸ்டேட்மென்ட். அந்த நடப்புக் கணக்கு உங்கள் பெயரில். கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. செல்ஃப் செக்கில் ரொக்கம் எடுத்தது யார், பின்பக்கம் கையெழுத்து யாருடையது, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதெல்லாம் அதிலும் பேங்க் வைத்திருக்கும் செக்கிலும் தெரியும். பரிவர்த்தனை நடந்து 5 வருடம் வரைதான் வங்கி பதிவுகளைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், ஆகவே நாளை என்று தள்ள வேண்டாம்.

மிசிசிப்பி மாமா:

நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே கணவன் மனைவி கூட்டாக ரிட்டர்ன் போட்டு, ஒருவர் ஏமாற்றியிருந்தால் மற்றவர் 8857 என்ற படிவம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். அங்கே அப்படி எதுவும் இல்லையா?

பேரேடு:

இங்கே கூட்டு ரிட்டர்னே கிடையாது சார். அவரவர் பான், அவரவர் தலைவிதி. அதனால் அந்த விலக்குக்கும் வேலை இல்லை.

சட்டத்தராசு:

குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள். நூல்கண்டு, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: அவரிடம் இது பற்றி ஏதாவது பேசினீர்களா? வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பினீர்களா?

நூல்கண்டு:

இன்னும் இல்லை மேடம். ஆனால் "எனக்கு மகள் பெயரில் 20 லட்சம் போட்டுவிடு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவருவேன்" என்று கேட்கச் சொல்லித் தம்பி டைப் பண்ணியே வைத்திருக்கிறான்.

சட்டத்தராசு:

அழிக்கச் சொல்லுங்கள். இப்போதே.

இந்த ஒரு செய்தி போனால், நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள் மிரட்டிப் பணம் பறித்தவர் ஆகிவிடுவீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 308ஆவது பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. அவருடைய வக்கீல் இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்காகத்தான் காத்திருப்பார். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. கொடுக்காமல் இருப்பதற்கு விலை கேட்பதுதான் குற்றம்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வரும். பரஸ்பர சம்மத மனுவில் "இனி ஒருவர் மீது ஒருவர் எந்தப் புகாரும் வழக்கும் தொடுக்கமாட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். எல்லா மனுவிலும் இருக்கும், டைப்பிஸ்டே போட்டுவிடுவார். உங்கள் இருவருக்குள் இருந்த வழக்குகளுக்கு அது பொருந்தும். அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரியைப் பற்றி அதிகாரி கேட்டால் வாயை மூடிக்கொள்ள அது உங்களைக் கட்டுப்படுத்தாது. குற்றத்தை மறைப்பதற்காகப் போடும் ஒப்பந்தம் செல்லாது.

சான்று பற்றி. திருமண காலத்தில் கணவன் மனைவியிடம் அந்தரங்கமாகச் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தில் தடை இருக்கிறது. விவாகரத்து ஆன பிறகும் அது தொடரும். பேச்சு நடந்த நாளில் தம்பதியாக இருந்தார்களா என்பதுதான் கணக்கு, சாட்சி சொல்லும் நாளில் அல்ல. வர்கீஸ் – பொன்னன் என்று பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. ஆனால் அந்தத் தடை பேச்சுக்குத்தான். நீங்கள் கண்ணால் பார்த்ததற்கும், நோட்டுக்கும், பேங்க் தாளுக்கும் கிடையாது. தம்பதிக்குள் நடக்கும் வழக்கிலும் அந்தத் தடை பொருந்தாது. ரகசியமாகப் பதிவுசெய்த தொலைபேசிப் பேச்சைக்கூடத் திருமண வழக்கில் சான்றாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

25 ஆயிரம் பிரமாணப் பத்திரம் தனி விஷயம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு வந்த பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் விவரமாகப் பிரமாணப் பத்திரத்தில் தந்தாக வேண்டும். பொய் சொன்னால் அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பொய்ச் சாட்சியம் என்று விசாரணை கேட்கலாம். எடுப்பதும் விடுவதும் நீதிபதி விருப்பம், பெரும்பாலும் இழுத்தடிக்கும். உங்கள் நிலையில் அதைவிடப் பயன் தருவது, மகளுக்கான ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்பது. நீங்கள் உங்களுக்காக எதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களாலும் முடியாது, அவராலும் முடியாது.

வைகைக்கரை:

அப்போ மாமியார் பெயரில் வாங்கிய இடம்? அது அப்பட்டமான பினாமி இல்லையா மேடம்?

சட்டத்தராசு:

இருக்கலாம். மனைவி, பிள்ளை பெயரில், கணக்கில் வந்த பணத்தில் வாங்கினால் சட்டம் விட்டுவிடும். அம்மா பெயரில் வாங்கினால், பத்திரத்தில் மகன் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி வரும். ஆனால் பணம் யாருடையது என்று இவருக்கு எப்படித் தெரியும்? மாமனார் விற்ற தோட்டத்துப் பணமாக இருந்தால்? பினாமிச் சட்டத்தில் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை தண்டனை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கலாம், பத்திரப்பதிவுத் துறைத் தளத்தில் இலவசமாகவே பார்க்க முடியும். கிரயத் தேதியும் தொகையும் தெரியும். அதற்கு மேல் ஊகத்தை எழுதாதீர்கள்.

ரெண்டாம் ஆட்டம்:

பரிசுத் தொகை பற்றி யாரோ சொன்னீர்களே, அதற்காகச் சொல்கிறேன். என் அக்கா இதே மாதிரி புகார் கொடுத்தவர். 2018 திட்டத்தில் வருமான வரிக்கு 50 லட்சம் வரை, பினாமிக்கு 1 கோடி வரை என்று பேப்பரில் வந்ததைப் பார்த்துவிட்டு, மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று கொடுத்தார். அந்தத் தொகைகள் உச்ச வரம்பு. வரி வசூலானால்தான், அதுவும் அதிகாரிகள் விரும்பினால்தான், உரிமையாகக் கேட்க முடியாது.

அக்காவுக்கு ஒரு பதிலும் வரவில்லை. விசாரித்தார்களா, மூடிவிட்டார்களா என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு தடவை அத்தான் குழந்தையைப் பார்க்க வரும்போதும், தெரிந்துவிட்டதோ, முகம் வேறு மாதிரி இருக்கிறதோ என்று அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஒருநாள் ஜீவனாம்சப் பாக்கி கேட்டால், "டிபார்ட்மென்ட்காரன் என் அக்கவுண்ட்டை முடக்கிட்டான், எங்கே போய்த் தர" என்றார். உண்மையா, சாக்கா, இன்றுவரை தெரியாது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கொடுத்துவிட்டு ஏதாவது நடக்கும் என்று வாசலைப் பார்த்து உட்காரக் கூடாது.

காங்கேயத்தான்:

இதைத்தானே நானும் சொன்னேன்.

வைகைக்கரை:

இல்லை அண்ணா, நீங்கள் சொன்னது ஊர் பேசும் என்று.

பேரேடு:

சண்டை வேண்டாம். வருமான வரிப் பக்கம் காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். மறைத்த தொகை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடம் 3 மாதம் வரை பழைய கணக்கைத் திறக்கலாம், அதற்குக் கீழே என்றால் 3 வருடம் 3 மாதம். முன்பு 10 வருடம் வரை போக முடிந்தது, 2024 செப்டம்பரில் சுருக்கிவிட்டார்கள். ஆகவே 2014, 2015 காலத்து நோட்டுப் படங்கள் இருந்தாலும் அவற்றை வைத்துக்கொண்டு புகார் எழுதுவதில் பலன் இல்லை. கோபம் பழையதாக இருக்கலாம், கணக்கு புதியதாக இருக்க வேண்டும்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக வருகிறேன், அலைச்சல்.

பான் போட்டுத் தேடினேன். நல்ல வேளை, ஒரே பதிவுதான். ரிட்டர்ன் போடாததால் அதிகாரியே ரத்து செய்திருக்கிறார். சரக அலுவலகத்துக்கு நானும் ஒரு ஜி.எஸ்.டி. பிராக்டீஷனரும் போனோம். அங்கிருந்த மேடம் முதலில் "நீங்கதான் ஓனரா?" என்று மேலும் கீழும் பார்த்தார். ஸ்கூல் ஐடி கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்! ஆதார், பான் பார்த்து, மொபைலை என் நம்பருக்கு மாற்றிக் கொடுத்தார். பழைய நம்பரின் கடைசி நான்கு இலக்கம் அவருடைய கடைப் பையனுடையது.

பேரேடு ஐயா சொன்ன அந்த மூலையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. உத்தரவு இல்லை, விளக்கம் கேட்கும் நோட்டீஸ்தான். எங்களுக்குச் சரக்கு விற்றதாகக் காட்டியிருக்கும் ஒரு சப்ளையரின் பதிவே போலி என்று கண்டுபிடித்து, எங்கள் உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கியபோது கட்டியதாகக் காட்டிக் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். பதிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பேங்கிலும் எழுதிக் கொடுத்து 2020 ஏப்ரலிலிருந்து ஸ்டேட்மென்ட் வாங்கிவிட்டேன். பெரும்பாலும் செல்ஃப் செக், சில தொகை நேரே அவர் கம்பெனிக் கணக்குக்கு.

தம்பியின் மெசேஜை என் கண் முன்னால் அழிக்க வைத்தேன்.

புகார் என்று தனியாக எதுவும் கொடுக்கப் போவதில்லை. இந்த நோட்டீஸுக்கு உண்மையைப் பதிலாக எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். யார் நடத்தினார், பணம் எங்கே போனது என்று கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்படிச் சொன்னால் அவர் பெயர் வரத்தான் செய்யும். அதை நான் தேடிப்போய்ச் செய்ததாக இருக்காது. மாமியார் இடத்தைத் தொடப் போவதில்லை. வயதானவர், எனக்கு அவர் ஒரு கெடுதலும் செய்ததில்லை. மகளின் ஜீவனாம்ச மனுவுக்கு வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம்: பதிலோடு நோட்டுப் படங்களையும் இணைக்கலாமா?

பேரேடு:

இப்போது வேண்டாம். ஸ்டேட்மென்ட், மொபைல் நம்பர் மாற்றிய அத்தாட்சி, அந்தக் காலத்துப் பள்ளிச் சம்பளச் சான்று, இவை போதும். நேரில் விசாரணைக்கு வாய்ப்புக் கேட்டு பதிலிலேயே ஒரு வரி எழுதுங்கள், கேட்டால் தந்தாக வேண்டும். படங்களை எடுத்த அந்த போனை மட்டும் பத்திரமாக வையுங்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். கட்ட வேண்டிய வரி ஏதும் உண்டு என்று தெரிந்தால், முறையான காரணம் கேட்பு நோட்டீஸ் வருமுன் வட்டியோடு கட்டினால் அபராதம் 15 சதவீதத்தோடு நிற்கும், தாமதித்தால் வரிக்குச் சமமாகப் போகும். தொகை எவ்வளவு வருகிறது?

நூல்கண்டு:

வரி மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம் என்று நோட்டீஸில் இருக்கிறது ஐயா. வீட்டுக் கடனுக்கு முன்பணமாகச் சேர்த்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சட்டத்தராசு:

கட்டுவதாக இருந்தால் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவருக்காக நீங்கள் கட்டிய தொகை அது, அவரிடமிருந்து திரும்ப வசூலிக்க சிவில் வழக்குப் போட இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிரிவு ஒப்பந்தத்தில் கடன் பொறுப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது? பெயர், ஊர் எல்லாம் மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் இங்கே போடுங்கள்.